பதினொரு மணிக்குக் கைமாறும் பிள்ளை: ஒரு மெடிக்கல் கோடரின் வீடு, ஒரு நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு வீட்டைப் பற்றியது இது. அந்த வீட்டுப் பெண் ஒரு மெடிக்கல் கோடர். சென்னையில் உள்ள நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். நான் அதே நிறுவனத்தில் ஆடிட்டர். அவரைப் போன்றவர்கள் போட்ட கோடுகள், அதாவது குறியீடுகள், சரியா என்று நாகர்கோவிலில் என் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களும் இதில் இல்லை.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்க மருத்துவமனைகளில் டாக்டர்கள் எழுதும் குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10-சிஎம் கோடும், செய்த சிகிச்சைக்கு சிபிடி கோடும் போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் வரும். போனில் யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் (ஒரு நோயாளியின் குறிப்பு ஒரு சார்ட்) என்று டார்கெட் உண்டு, அதில் 95 சதவீதமாவது சரியாக இருக்க வேண்டும். டார்கெட் வேலை என்பதால் ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த ஒரு விஷயம் இல்லாவிட்டால், கீழே சொல்லப்போகும் ஏற்பாடு எதுவுமே நடந்திருக்காது. கால் சென்டரில் இருக்கும் ஒரு தாய்க்கு இதை அப்படியே சொன்னால் எரிச்சல்தான் வரும்.

பிழைகள் எங்கே விழுந்தன

2020 மார்ச் ஊரடங்கில் வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர் அது, பிறகு திரும்பிப் போகவில்லை. பிரசவத்துக்கு 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு சலுகைச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. பிரசவத்துக்கு முன்னாலேயே ஆறு வாரம் எடுத்துவிட்டதால், அவர் மறுபடி லாகின் செய்தபோது குழந்தைக்கு ஐந்து மாதம்கூட முடியவில்லை. முதலில் பெரிய சிக்கல் இல்லை. அந்த வயசுப் பிள்ளை பாதி நாள் தூங்கும், போட்ட இடத்தில் கிடக்கும்.

பிள்ளை தவழத் தொடங்கியதும் அவருடைய மதிப்பெண் 95-க்குக் கீழே இறங்கியது. டீம் லீட் வழக்கமான வைத்தியத்தைச் செய்தார், பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார். ஒரு பலனும் இல்லை. பிழைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது.

ஒரு உதாரணம். மூட்டுத் தேய்மானம் வலது முழங்காலில் என்றால் எம்17.11, இடது முழங்காலில் என்றால் எம்17.12. சார்ட்டில் வலது என்று தெளிவாக இருக்கிறது, இவர் 12 போட்டிருக்கிறார். எலும்பு முறிவுக்கு ஏழாவது எழுத்து ஒன்று உண்டு. நோயாளி இன்னும் முறிவுக்கான சிகிச்சையில்தான் இருக்கிறார் என்றால் ஏ, அது முடிந்து ஆறிவரும் கட்டத்துக்கு வந்திருக்கிறார் என்றால் டி. அங்கேயும் மாறியிருக்கிறது. நோயை அவர் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு சார்ட்டும் என் கண்ணில் படவில்லை. எல்லாமே கடைசி இலக்கத்திலும் கடைசி எழுத்திலும் வந்த பிழை. பாடம் தெரியாதவர் இப்படித் தப்பு செய்ய மாட்டார். பாதி படித்துவிட்டு எழுந்துபோய், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்தான் செய்வார்.

ஒவ்வொரு சார்ட்டிலும் அது முடிந்த நேரம் பதிவாகும். பார்த்தால், பிழைகள் நாள் முழுக்கப் பரவியிருக்கவில்லை. காலை 10-லிருந்து 11 வரை ஒரு குவியல், மாலை 4-ஐ ஒட்டி இன்னொரு குவியல். அந்த நேரங்களில் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். யோசிக்காமலே பதில் சொன்னார்.

பத்து மணிக்கு மீன்காரர் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். மாமியார் மீன் வாங்கி, கிணற்றடியில் உட்கார்ந்து அறுக்க வேண்டும். கையெல்லாம் மீன், பக்கத்தில் அரிவாள், பிள்ளையை எங்கே விடுவது? "நீ வீட்டுல தானே மக்களே இருக்க, ஒரு நிமிஷம் பிள்ளையப் பிடி." மாலை நாலு மணிக்கு ரப்பர் ஷீட் அடிப்பார்கள். உறைந்த பாலை ரோலருக்குள் ஒருவர் தள்ள, மறுபக்கம் ஒருவர் வாங்க வேண்டும். கணவர் தள்ளுவார், மாமியார் வாங்குவார். அந்த நேரம் பிள்ளை தூங்கி எழுந்திருக்கும்.

யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை. அந்த மாமியார் நாள் முழுக்கப் பேத்தியைத் தூக்கிச் சுமக்கிறவர், முழங்கால் வலியோடு. ஆனால் அந்த ஒரு நிமிஷம் ஒரு நிமிஷத்தில் முடிவதில்லை. ஆபரேஷன் குறிப்பு ஒன்று இரண்டு மூன்று பக்கம் போகும். திரும்பி வந்தால் முதலிலிருந்து படிக்க வேண்டும். டார்கெட் தலைக்கு மேலே நிற்கும்போது யாரும் முதலிலிருந்து படிப்பதில்லை.

செய்து பார்த்தவை

முதலில் ராத்திரி வேலை. பிள்ளை தூங்கிய பிறகு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. எண்ணிக்கை ஏறியது. ஆனால் கணவர் ரப்பர் பால்வெட்டுக்குக் கிளம்ப விடியுமுன்னே எழுந்துவிடுவார், கட்டன்சாயா போட வீடே எழுந்துவிடும். தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவுக்கு மேல் போட்ட சார்ட்டுகளில் புது வகைப் பிழைகள் வர ஆரம்பித்தன.

அடுத்தது செல்போன். பாட்டு வீடியோ போட்டுக் கொடுத்தால் பிள்ளை அசையாது. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டலும் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது, அதற்கடுத்த ஒரு வருஷத்துக்கும் நல்லதல்ல என்கிறது. இது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கொடுத்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் போன் இல்லாமல் ஒரு வாய் கஞ்சி இறங்காது என்ற நிலை வந்ததும் அவரே நிறுத்திவிட்டார். நிறுத்திய முதல் சில நாள் அந்த வீட்டில் இருந்த சத்தத்தைப் பற்றி மாமியார் இப்போதும் சொல்வார்.

மூன்றாவது வழி வேடிக்கையானது. அம்மா கதவுக்குப் பின்னால் இருக்கிறாள் என்று தெரிந்தால் பிள்ளை கதவை விட்டு நகராது. அதனால் காலையில் பையை மாட்டிக்கொண்டு, டாட்டா காட்டி, முன்வாசல் வழியாக வெளியே போவார். வீட்டைச் சுற்றி வந்து அடுக்களைக் கதவு வழியாக நுழைந்து அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். நன்றாகவே நடந்தது, ஒரு நாள் உள்ளே இருமும்வரை. அதற்கப்புறம் டாட்டா காட்டியதும் பிள்ளை நேராக அடுக்களைப் பக்கம் ஓட ஆரம்பித்தது.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. திரையில் இருப்பது ஒரு நோயாளியின் அந்தரங்கம். அமெரிக்காவில் 1996-ல் வந்த ஹிப்பா சட்டத்தை முன்வைத்து எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்: தனி அறை வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், வேறு யார் கண்ணும் திரையில் படக்கூடாது. ஒரு வயதுப் பிள்ளைக்கு மருத்துவக் குறிப்பு படிக்கத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் கீபோர்டைத் தட்டத் தெரியும்.

யார் கையில் பிள்ளை

இந்த வீட்டில் நேரத்துக்குப் பஞ்சம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று பெரியவர்கள் இருக்கிறார்கள். எந்த நேரத்தில் பிள்ளை யார் பொறுப்பு என்று யாரும் பேசி வைக்கவில்லை, அவ்வளவுதான். பேசி வைக்காத பொறுப்பு எப்போதும் வீட்டில் இருக்கும் பெண் தலையில்தான் வந்து விழும், அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தாலும்.

கணவரின் நாளை எடுத்துப் பாருங்கள். ரப்பர் மரத்தில் விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டோடு போய் வெட்டுவார். சிரட்டையில் பால் வடிந்து நிற்க மூன்று மணி நேரம் போல ஆகும். பிறகு போய் எடுத்து வந்து, வடிகட்டி, தண்ணீரும் ஆசிட்டும் சேர்த்து டிஷ்களில் ஊற்றி வைப்பார். அது முடிய பத்தரை ஆகும். ஷீட் அடிக்க நாலு மணி. நடுவில்? குளிப்பார், சாப்பிடுவார், முக்கு வரை போவார், கொஞ்சம் படுப்பார். விடியுமுன் எழுந்தவருக்கு ஓய்வு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து மணி நேரம் வீட்டில் ஒரு பெரிய ஆள் சும்மா இருக்கிறார் என்று யாருமே கணக்கில் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. மழைக்காலத்தில் இன்னும் கூடுதல். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பிளாஸ்டிக் கட்டாத மரத்தில் மழை நாளில் வெட்ட முடியாது, அன்றைக்குக் காலை முழுக்கவே அவர் வீட்டில்தான்.

பேச்சை எடுத்தது மனைவிதான். அவர் எடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. "நீங்கள் எனக்கு உதவி செய்ய வேண்டும்" என்று ஆரம்பிக்கவில்லை. பிழைப் பட்டியலைக் காட்டி, இந்தப் பிழைகளால் போன மாதம் கிடைக்காமல் போன இன்சென்டிவ் எவ்வளவு, ஒரு மாதத்தில் ஒட்டுப்பால் (வெட்டிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காயும் ரப்பர்) விற்று வருவது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டினார். இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் மாதங்களில் வீடு ஓடுவது இந்தச் சம்பளத்தில்தான் என்பதும் கணவருக்குத் தெரியாததில்லை.

அலுவலகத்தோடு பேசி நாளை மூன்றாக உடைத்தார்கள். காலை 5-லிருந்து 7.30 வரை முதல் பகுதி. பிள்ளை தூங்கும், மாமியார் பக்கத்தில் படுத்திருப்பார். 7.30-லிருந்து 11 வரை அம்மா முழுக்கப் பிள்ளையோடு. மீன்காரர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். 11-லிருந்து 3 வரை பிள்ளை அப்பா பொறுப்பு: குளிப்பாட்டுவது, சாப்பாடு, தூங்க வைப்பது. மூன்று மணிக்கு அம்மா கைக்கு வரும். நாலு மணிக்குக் கணவரும் மாமியாரும் நிம்மதியாக ஷீட் அடிப்பார்கள். இரவு 8-லிருந்து 9.30 வரை மீதி வேலை. கூட்டினால் எட்டு மணி நேரம்.

அந்தப் பதினொரு மணி மாற்றம் எப்படி நடக்கும் என்று ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார் அப்பா. அதுவரை பிள்ளை அவரை நெருங்க அனுமதி இல்லை, காரணம் பின்னால். அம்மா நாலே வரி சொன்னார்: எப்போது சாப்பிட்டது, வயிற்றுக்குப் போனதா, தூக்கம் வருகிறதா, எந்த உடுப்பு காய்கிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் டியூட்டி மாறும்போது சொல்வதைப் போலத்தான் இருந்தது. பிறகு கதவு சாத்தியாகிவிட்டது. பிள்ளை கதவைப் பார்த்து அழவில்லை என்று சொல்ல மாட்டேன், அழுதது. அவர் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஒரு மட்டி வாழைப்பழம் உரித்துக் கையில் கொடுத்தார். மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கு எவ்வளவோ முன்பே இந்த ஊரில் பிள்ளைக்கு முதலில் கொடுக்கும் பழம் அதுதான்.

முக்கில் பேச்சு வராமல் இல்லை. "அவ சம்பளம் வாங்குகா, இவன் பிள்ளை சுமக்கான்." கொஞ்ச நாள் அவர் முக்குப் பக்கம் போகவில்லை. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போக ஆரம்பித்தார், பேச்சும் தானாக அடங்கியது.

ஆசிட் கேன்

அந்த வீட்டில் என்னைப் பயமுறுத்தியது வேறு ஒன்று. ரப்பர் பாலை உறைய வைப்பது பார்மிக் ஆசிட். தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அது ஒரு பிளாஸ்டிக் கேனில், ரோலர் பக்கத்தில் தரையில் இருந்தது. அளந்து ஊற்ற ஒரு தம்ளர், பிள்ளை தண்ணீர் குடிக்கும் தம்ளர் அளவுதான். பக்கத்தில் பால்வெட்டுக் கத்தி. கொஞ்சம் தள்ளி, கைப்பிடிச் சுவர் தாழ்வான கிணறு.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றிப் பேசும்போது டேபிள், நாற்காலி, நெட் ஸ்பீடு என்று ஆயிரம் பேசுகிறோம். ஆனால் நம் பக்கத்தில் வீடு என்பதே இன்னொருவரின் வேலை நடக்கும் இடம். தக்கலைப் பக்கம் முந்திரி உடைப்பு, கடற்கரையில் வலை பின்னல், இங்கே ரப்பர். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அதில் ஒவ்வொன்றும் ஒரு ஆபத்து. அன்றைக்கே கேனை ஆள் உயர அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள், தம்ளரை மாற்றினார்கள். கிணற்றுக்கு இரும்பு வலை போட இரண்டு மாதம் பிடித்தது. வேலை முடித்து வந்தவர் கை கழுவி, உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தொட வேண்டும் என்ற விதி அப்போது வந்ததுதான்.

கரண்டும் அலுவலகமும்

கரண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மழைக்காற்றில் ரப்பர் கொம்பு லைனில் விழுவது இங்கே சாதாரணம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டமே இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டெஸ்க்டாப், இரண்டு மானிட்டர், மோடம், ஒரு ஃபேன் எல்லாம் சேர்ந்து 230 வாட் பக்கம் வரும். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஐந்து மணி நேரம் தாங்கும். ஹால் டிவியும் அதே இன்வெர்ட்டரில் இருந்தால் தாங்காது. டிவியைப் பிரித்தார்கள், பிரச்சினை பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குக் குலசேகரம் டவுனில் உறவினர் வீட்டு மாடி அறை ஒன்றை மாற்று இடமாக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி வைத்திருக்கிறார்.

அலுவலகத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை தவிர, பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை என்று மகப்பேறு சட்டத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் தாய்க்கு அது எப்படிக் கணக்கு என்று எங்கள் நிறுவனத்தில் யாரும் யோசித்ததே இல்லை. அவர் பால் கொடுக்க எழுந்த ஒவ்வொரு முறையும் மென்பொருள் அதை "ஐடில்", அதாவது சும்மா இருந்த நேரம், என்று சிவப்பில் காட்டியது. கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள், அதற்குள் குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. இன்னொன்று, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்பதும் அதே சட்டம்தான். காப்பகம் இருக்கிறது. சென்னையில் இருக்கிறது.

நாளை மூன்றாக உடைக்க டீம் லீட் சம்மதித்தது மட்டும் உண்மையிலேயே பெரிய உதவி. ஒரு நிபந்தனை போட்டார்: 11.15-க்கு நடக்கும் டீம் மீட்டிங்கில் கண்டிப்பாக இருக்க வேண்டும். அதை மனதில் வைத்துத்தான் அப்பாவின் நேரம் 11 மணிக்குத் தொடங்கியது.

பலன் என்ன

10 மணிக் குவியலும் 4 மணிக் குவியலும் மறைந்தன. அந்த நேரங்களில் அவர் சிஸ்டத்திலேயே இல்லை, வேறெப்படி இருக்கும்? மதிப்பெண் 95-க்கு மேலே ஏறி அங்கேயே நின்றது. அக்டோபர் 1-ல் ஐசிடி கோடுகள் வருஷாவருஷம் மாறும், அந்த வாரம் எல்லோருக்கும் கொஞ்சம் சறுக்கும். அவருக்கும் சறுக்கியது, பயிற்சி வகுப்பு அப்போது பயன்பட்டது.

ஆனாலும் இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலை ஐந்து மணிக்குத் தொடங்கிய நாள் இரவு ஒன்பதரைக்கு முடிகிறது. நடுவில் வேலை இல்லாத நேரமெல்லாம் பிள்ளையோடும் அடுப்போடும் போகிறது. எட்டு மணி நேரச் சம்பளத்துக்கு அவர் பதினாறு மணி நேரம் விழித்துக் கிடந்தார். கணவர் 11-லிருந்து 3 வரை பார்த்துக்கொண்டதற்கு ஊரே ஆச்சரியப்பட்டது. மீதி நேரத்தைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பாரத்தை உண்மையில் இறக்கியது அங்கன்வாடி. நம் மாநிலத்தில் இரண்டு வயது முடிந்தால் சேர்த்துக்கொள்வார்கள். நடக்கும் தூரத்தில் இருந்தது, மதியம் சோறும் முட்டையும் அங்கேயே. தொடக்கத்தில் "சம்பளம் வாங்குகிறவ பிள்ளையப் பால்வாடிக்கு அனுப்புகா" என்றும் ஒரு பேச்சு வந்தது. காசு கொடுத்துச் சேர்க்கும் பிளே ஸ்கூலைவிட அந்த அங்கன்வாடி ஆசிரியை பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்பது என் அபிப்பிராயம். பிள்ளை காலையில் போய் மதியத் தூக்கம் முடிந்து வரும். இரவு வேலை நின்றது. அப்பாவின் பொறுப்பு இப்போது கொண்டுவிடுவதும் கூட்டி வருவதும், விடுமுறை நாளில் பழையபடி 11-லிருந்து 3-ம்.

இப்போது தீராமல் நிற்கிற விஷயம் மாமியாரின் முழங்கால். இரண்டு பக்கமும் தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். விடியற்காலை 5-லிருந்து 7.30 வரை தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் படுப்பது? அந்த நேரம் கணவர் தோட்டத்தில் இருப்பார். கூலிக்கு ஆள் வைத்து வெட்டினால் ரப்பர் விற்கும் விலைக்குக் கட்டுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனைவியின் அம்மா அருமனையிலிருந்து வந்து இருக்கலாம், ஆனால் அங்கே ஒரு பசு நிற்கிறது. முதல் பகுதியை ஒன்பதரை மணிக்கு, பிள்ளை அங்கன்வாடிக்குப் போன பிறகு மாற்றித்தர முடியுமா என்று அலுவலகத்துக்கு மெயில் போட்டிருக்கிறார். பதில் வரவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது.